என் கையால் தேய்த்த துப்பாக்கி

பணி ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் என் கணவர் வேட்டைக்காரர் ஆனார். அதுவரை அவர் கொன்ற பெரிய உயிர் என்று பார்த்தால், எங்கள் குளியலறைக்குள் வந்த ஒரு பூரான்தான். அதையும் நான் துடைப்பக்கட்டையால் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, அவர் எட்ட நின்று செருப்பால் அடித்தார்.

அவர் பணியாளர் துறையில் அதிகாரியாக இருந்தவர். யாருக்கு எந்த ஷிஃப்ட், யாருக்கு எந்த பிளாக்கில் குவார்ட்டர்ஸ் என்று கையெழுத்துப் போட்டே முப்பது வருஷத்தை ஓட்டினார். நான் பணிமனையில் அளவு பார்க்கும் பிரிவில் டெக்னீஷியன். சுரங்க இயந்திரங்களுக்காகக் கடைந்து வரும் ஷாஃப்டும் புஷ்ஷும் சொன்ன அளவில் இருக்கிறதா என்று மைக்ரோமீட்டர் வைத்துப் பார்ப்பேன். சரியென்றால் முத்திரை, தவறென்றால் சிவப்பு பெயின்ட். எங்கள் ஊர் நிலம் சுரங்கத்துக்குப் போனதற்கு ஈடாக வீட்டுக்கு ஒருவருக்குக் கிடைத்த வேலை. அவரோ திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பரீட்சை எழுதித் தேறி வந்தவர். இந்த வித்தியாசத்தை அவர் ஒருநாளும் மறந்ததில்லை, என்னையும் மறக்க விட்டதில்லை. எங்களுடையது காதல் கல்யாணம். இப்போது அதைச் சொல்லும்போது வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கிறது.

ஓய்வு பெற்றதும் அவருடைய பெரிய குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. எனக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருந்ததால் என் பெயரில் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ் ஒன்று கிடைத்தது. வாசல் பலகையில் என் பெயரும் பதவியும் எழுதியிருந்தன. குடிவந்த முதல் வாரமே அந்தப் பலகைமேல் ஒரு மணிபிளான்ட் கொடியை ஏற்றிவிட்டார். பழைய பிளாக்கில் அவரைப் பார்த்து சைக்கிளிலிருந்து இறங்கியவர்கள் இந்தத் தெருவில் இறங்கவில்லை. அவர் வேட்டைக்காரர் ஆனதற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியாது.

துப்பாக்கி என் மாமனாருடையது. பட்டாளத்திலிருந்து திரும்பி வாழைத்தோட்டம் வைத்தவர் அவர். பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கி, ஏலத்தில் விட்ட பழைய ராணுவத் துப்பாக்கி ஒன்றை எடுத்திருந்தார். அவர் காலமான பிறகு, உரிமம் மகன் பெயருக்கு மாறும்வரை அது ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்துக் கிடந்தது. மாற்றி முடிந்ததும் சாக்குத் துணியில் சுற்றி எங்கள் வீட்டு ஹாலுக்கு வந்து சேர்ந்தது. சாக்கைப் பிரித்தபோது பக்கத்து பிளாக் நண்பரும் இருந்தார். நிதித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், பெரிய காரும் அதைவிடப் பெரிய குரலும் உள்ளவர். இலைதழை போட்ட பச்சைக் கால்சட்டை அணிந்து பால் வாங்கப் போகிற மனிதர்.

"இது எத்தனை யுத்தம் பார்த்திருக்கும் தெரியுமா?" என்றார் என் கணவர்.

"பர்மாவரைக்கும் போயிருக்கும் சார்," என்றார் நண்பர்.

எனக்குத் தெரிந்தது துருதான். குழல் முழுக்கச் செம்பழுப்பாகப் பூத்திருந்தது. முன்பக்கக் கட்டையைச் சுற்றிச் செம்புக் கம்பி இறுக்கமாகச் சுற்றியிருந்தது. காலியாக இருக்கிறதா என்று பார்த்து, குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டை உருவி எடுத்துவிட்டு, டார்ச்சை ஒரு முனையில் பிடித்து மறுமுனையில் கண்ணை வைத்தேன். தொழில் பழக்கம்.

"என்னங்க, இதுக்குள்ள வரியே இல்லியே."

"என்ன வரி?"

"ரைஃபிள்னா குழலுக்குள்ள சுத்திக்கிட்டே போற வரி இருக்கணும். அதுதான் குண்டைச் சுழல விட்டு நேரா அனுப்பும். இது தண்ணிக் குழாய் மாதிரி வழவழன்னு இருக்கு."

"உனக்கு ஷாஃப்ட் பத்தித் தெரியும். ஆயுதம் பத்தி என்ன தெரியும்?" என்றார். நண்பர் சிரித்தார்.

திருச்சியில் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டு போனோம். வயதானவர், அதிகம் பேசாதவர். கையில் வாங்கி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "பட்டாளத்துக்குச் செஞ்சதுதான் சார். பழசானப்புறம் காவலுக்கு நிக்கிறவங்களுக்காக உள்ளே இருந்த வரியை வழிச்சு எடுத்துட்டாங்க. சின்ன ரவைத் தோட்டாதான் போகும். சத்தம் நல்லா வரும். காக்கா விரட்டலாம்," என்றார்.

"காட்டுப்பன்றி?"

"பன்றிக்குக் கோபம் வரும்."

உள்பாகங்களை அவரே சுத்தம் செய்து கொடுத்தார். "கட்டையைப் புதுப்பிச்சுக்கங்க, துருவை எடுங்க. குழலை அறுக்கறது, துளை போடறது எதுவும் கூடாது. உரிமத்துல எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும்," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் என்னைப் பார்த்துச் சொன்னதுதான் என் கணவருக்குப் பிடிக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம், இந்த மாதிரி சின்ன ஆட்களுக்குப் பெரிய ஆயுதங்களைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அந்தத் துப்பாக்கியைப் புதுப்பித்தது நான்தான். அவர் கேட்டதால் அல்ல. முதல் ஞாயிறு பின்வாசலில் அவர் உப்புத்தாளைக் கையில் பிடித்து நண்பரிடம் போட்டோ எடுத்துக்கொண்டார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து போனில் வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் எழுதுவதைப் படிக்கத் தொடங்கினார். துருப்பிடித்த ஒரு பொருள் என் கண்ணெதிரே கிடந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. மண்ணெண்ணெயும் இரும்புநாரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செம்பழுப்பு போய்ப் பழுப்பு வந்தது, பழுப்பு போய் மங்கலான கறுநீலம் வந்தது. அதில் எண்கள் தெரிந்தன. ஒரு எண்ணை அடித்து இன்னொரு எண், அதையும் அடித்து வேறொன்று. செம்புக் கம்பியைப் பிரித்தால் அடியில் மரத்தில் நீளமாக ஒரு விரிசல். பிசின் வைத்து, இறுக்கிக் கட்டி, இரண்டு நாள் விட்டேன். முன்கட்டையை வேட்டைத் துப்பாக்கி மாதிரி குட்டையாக்க வேண்டும் என்றார். அளந்து அறுத்து, நுனியை உருட்டி இழைத்தேன். பிறகு கரடான தாளிலிருந்து மெல்லிய தாள்வரை மாற்றி மாற்றித் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்த்து ஏற்றினேன். நான்காவது பூச்சில் மரம் புளியங்கொட்டை நிறத்துக்கு வந்து, உள்ளே இருந்த ரேகைகள் எழுந்தன. அந்த மூன்று வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

அவருடைய கைவண்ணம் அதற்குப் பிறகு வந்தது. ஆன்லைனில் ஒரு டெலஸ்கோப் வாங்கினார். பலூன் சுடும் துப்பாக்கிக்கு மாட்டுவது அது என்று பெட்டியிலேயே படம் போட்டிருந்தது. துளை போட்டு மாட்டித் தரச் சொன்னார். முடியாது என்றேன். மறுநாள் கார் ரேடியேட்டர் குழாய்க்குப் போடும் கிளிப் இரண்டை வாங்கி வந்து, அவரே திருகி இறுக்கினார். டெலஸ்கோப் ஒரு பக்கமும் குழல் ஒரு பக்கமுமாக, கல்யாண போட்டோவில் நாங்கள் நிற்பதுபோல் நின்றன. வடலூரில் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுகிறவரிடம் ஒரு பித்தளைத் தகடு கொடுத்து, தன் முதலெழுத்துகளையும் ஒரு காட்டுப்பன்றித் தலையையும் வெட்டி வாங்கினார். பன்றி மூஞ்சூறு மாதிரி வந்திருந்தது. அதை நான் இழைத்த கட்டையில் ஆணி வைத்து அடித்தார். ஆணி கோணிப்போயிற்று.

என் தம்பி பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரித் தோப்பு வைத்திருக்கிறான். நடுநடுவே பலா. அந்த மே மாதம் பழம் கொண்டுவந்து போட்டவன், பேச்சுவாக்கில், "பன்னித் தொல்ல தாங்கலக்கா. கீழ வுழுற பழத்த ஒண்ணு வுடாம தின்னுட்டுப் பூடுது," என்றான். என் கணவர் நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை வரேன். நான் பார்த்துக்கறேன்."

"அய்யய்யோ, வேணாம் மாமா. வனத்துறைல மனு குடுத்துருக்கேன். அவுங்க ஆளுங்கதான் வந்து சுடணுமாம்."

"அதெல்லாம் உங்களை மாதிரி ஆளுங்களுக்கு. எனக்குப் பயிர்ப் பாதுகாப்பு உரிமம் இருக்கு."

உரிமத்தை எடுத்துப் படித்தேன். அதில் இருந்தது மாமனாரின் வாழைத்தோட்டமும் அந்தத் தாலுகாவும்தான். சொன்னேன். "படிக்கத் தெரிஞ்சா எல்லாம் புரிஞ்சிடாது," என்றார். தம்பி என்னைப் பார்த்தான். நான் தடுத்திருக்கலாம். துப்பாக்கியின் போல்ட்டை எடுத்து ஒளித்து வைத்திருக்கலாம், ஒரு போன் செய்திருக்கலாம். நான் செய்யவில்லை. இந்த ஆளுக்கு எதுவும் அகப்படாது, வெறுங்கையோடு திரும்பி வரட்டும், நன்றாகச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். சிரிக்கும் ஆசைதான் என்னை வாயைமூட வைத்தது.

ஞாயிறு மதியம் நண்பரின் காரில் போனோம். தோப்பு ஓரத்தில் தம்பி வீடு. என் கணவரும் நண்பரும் மடக்கு நாற்காலி, காபி பிளாஸ்க், போனை நிறுத்தும் முக்காலி எல்லாம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். என் கணவர் தலையில் பட்டாளத் தொப்பி, முகத்தில் அடுப்புக்கரி. நண்பர் பூசிவிட்டிருந்தார். நான் தம்பி மனைவியோடு முந்திரிப் பழத்திலிருந்து கொட்டை திருகிக்கொண்டிருந்தேன். வெயில் சாயும் நேரம். ஒரு வெடிச் சத்தம் கேட்டது. தோப்பிலிருந்த மயில்கள் மொத்தமும் அகவின. அதற்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

ஓடினோம். ஒரு பலா மரத்தின் தூரில், மண்ணைத் தொட்டபடி காய்த்திருந்த பெரிய பழத்திலிருந்து பால் வடிந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இருபதடி தள்ளி, தம்பி தோப்பில் கூலிக்கு வரும் பெண் தரையில் உட்கார்ந்து இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். அவள் கணவன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. மத்தியானம் பொறுக்கிய கொட்டையில் ஒரு கூடையை விட்டுவிட்டுப் போனவள், அதை எடுக்கத் திரும்பி வந்திருக்கிறாள். ரவிக்கைக் கையும் முழங்கையும் ரத்தம்.

"யக்கா, இன்னாக்கா இது? கொள்ளிக்கட்டையால சுட்ட மாதிரி எரியுதே."

என் கணவர் எதிரே ஒரு முந்திரி மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். துப்பாக்கி நாற்காலிமேல் கிடந்தது. "அது அசைஞ்சுது," என்றார். "நான் பார்த்தேன். அது அசைஞ்சுது." பலாப்பழத்தைச் சொன்னார்.

"கார எடுக்கச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவணும்," என்றேன். பதற்றத்தில் எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

நண்பர் அவள் கையிலிருந்து சொட்டிய ரத்தத்தைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். "சீட்டெல்லாம் துணி சீட்டும்மா. ஆட்டோ ஏதாவது..." என்றார். என் கணவர் அவர் காதில் ஏதோ சொன்னார். முக்காலியை மடக்கினார்கள். நாற்காலியை மடக்கினார்கள். பிளாஸ்க்கைக்கூட மறக்கவில்லை. "துப்பாக்கி இங்க இருக்கக் கூடாது. நான் வீட்ல வச்சுட்டு வரேன்," என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். கார் போய்விட்டது. முப்பது வருஷத்தில் அவர் இவ்வளவு வேகமாக ஒரு முடிவெடுத்து நான் பார்த்ததில்லை.

தம்பியின் வண்டியில், அவளை நடுவில் வைத்து, நான் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு போனோம். என் புடவை முந்தானையைக் கிழித்து அவள் கையில் இறுக்கியிருந்தேன். பாதி வழியில் கேட்டாள்.

"பன்னிய சுடவாக்கா வந்தாங்க?"

"ஆமா."

"என்னப் பாத்தா பன்னி மாதிரியா கீது?"

"ஒன்ன அவரு பாக்கவே இல்ல. பலாப்பழத்தச் சுட்டாரு."

அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். சிரித்ததில் கை அசைந்து, "அம்மா" என்று முனகினாள்.

அரசு மருத்துவமனையில் அவளை உள்ளே கொண்டு போன சமயம் போன் வந்தது. "முள்ளுக் கம்பி குத்திச்சுன்னு சொல்லு," என்றார் என் கணவர்.

"ஏழு எடத்துலயா?"

"வேலில விழுந்துட்டான்னு சொல்லு. நீ கொஞ்சம் புத்தியோட நடந்துக்கோ."

போனை அணைத்தேன். பெண் டாக்டர் ஒருவர் வந்து எப்படி நடந்தது என்று கேட்டார். துப்பாக்கி ரவை என்றேன். எழுதிக்கொண்டே, "யார் சுட்டது?" என்றார். "என் வூட்டுக்காரர்," என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முழுவதையும் எழுதிப் போலீசுக்குத் தகவல் அனுப்பினார். ஆறு ரவைகளை எடுத்தார்கள். ஒன்று முழங்கை மூட்டுக்குள் போயிருந்தது. அதை எடுத்தால் கை இன்னும் கெடும் என்று விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை நான் வீடு திரும்பியபோது இருவரும் ஹாலில் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். நண்பர்தான் எடுத்துச் சொன்னார். "உங்க தம்பி ஆசையா வாங்கிப் பார்த்தாரு, கைபட்டு வெடிச்சுடுச்சுன்னு சொல்லிடலாம்மா. விவசாயி, பாவம்னு சின்ன கேஸா முடிஞ்சுடும். சாருக்கு பென்ஷன், கௌரவம் எல்லாம் இருக்கு பாருங்க."

என் கணவர் தலையாட்டினார். முகத்தில் காதோரம் அடுப்புக்கரி இன்னும் போகவில்லை.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கடைசல் தவறிய ஒரு புஷ்ஷைக் கையில் வாங்கினால் என்ன தோன்றுமோ அதுதான் தோன்றியது. இது ஆகாது. திருத்தியும் ஆகாது. "காபி வேணுமா?" என்று மட்டும் கேட்டேன். இருவரும் வேண்டும் என்றார்கள். அடுக்களையிலிருந்து தம்பிக்குப் போன் செய்து, ஸ்டேஷனில் யார் எதைக் கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல் என்றேன்.

பத்து மணிக்கு சப் இன்ஸ்பெக்டரும் இரண்டு காவலர்களும் வந்தார்கள். துப்பாக்கி எங்கே என்று கேட்டதற்கு என் கணவர் ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். "பரண்ல, கோரைப்பாய்க்குள்ள இருக்கு சார்," என்றேன். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரையே ஸ்டூலில் ஏறி எடுக்க வைத்தேன். ஸ்டூல் ஆடியது. காவலர் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

சப் இன்ஸ்பெக்டர் பாயைப் பிரித்து, கிளிப்பை விரலால் தட்டினார். "இது என்ன சார்?"

"ஸ்கோப் மவுன்ட்."

"ரேடியேட்டர் ஓஸ்ல மாட்டறதுதானே இது?"

அவர் துப்பாக்கியைத் திருப்பி, கட்டையை வெளிச்சத்தில் பார்த்தார். "இந்த மர வேலை யார் செஞ்சது?"

"நான்தான் சார்."

"நல்லா செஞ்சிருக்கீங்கம்மா," என்றார்.

மனதாரத்தான் சொன்னார். ஆனால் முந்தின நாளிலிருந்து கேட்ட பேச்சுகளில் எனக்கு உள்ளே போய்த் தைத்தது அதுதான். துருவோடு விட்டிருந்தால் அது ஹாலில் ஒரு மூலையில் சாத்திக் கிடந்திருக்கும். வெளியே எடுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்ற ஆசை அவருக்கு வரும் அளவுக்கு அதை அழகாக்கியது என் கை. வாக்குமூலத்தில் அதையும் எழுதச் சொன்னேன். தேவையில்லை என்றார்கள். எழுதுங்கள் என்றேன்.

நண்பர் அன்று மாலையே தன் போனில் இருந்த வீடியோவைத் தானாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அதில் எல்லாம் இருந்ததாம். சுடுவதற்கு முன் "இப்ப பாருங்க" என்று என் கணவர் சொன்னதும், சுட்டபின் "விழுந்துடுச்சு! விழுந்துடுச்சு!" என்று அவர் குதித்ததும். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்வதில்லை. நடைப்பயிற்சியில் எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் மரங்களைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

உரிமம் ரத்தாயிற்று. துப்பாக்கி போலீஸ் வசம். ஜாமீனில் வந்த என் கணவர் இப்போது காட்டுப்பன்றிகள் பெருகிவிட்டதைப் பற்றியும், சட்டம் விவசாயிகளுக்கு எதிராக இருப்பதைப் பற்றியும் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறார். கேட்கவும் நான்கு பேர் இருக்கிறார்கள். பலாப்பழத்தை மட்டும் சொல்வதில்லை.

அந்தப் பெண்ணின் இடது கையில் இரண்டு விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. கொட்டை திருகும் வேலையை வலது கையாலேயே செய்கிறாள். நேரம் அதிகம் பிடிக்கிறது. போலீஸ் விசாரணைக்கு வந்தபோது கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னாள். குறைத்தும் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை. நேரில் போய் மன்னிப்புக் கேட்டால் நல்லது என்று வக்கீல் சொன்னதால் ஒருநாள் என் கணவர் கிளம்பினார். நானும் போனேன். அவள் வீட்டு வாசலில் நின்று, பழைய அலுவலகக் குரலில், "நடந்தது ஒரு துரதிர்ஷ்டம்மா," என்று ஆரம்பித்தார்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "அத வுடுங்க சார். தெரியாம சுட்டுட்டீங்க. பன்னி இல்ல, பொம்பளன்னு தெரிஞ்சப்புறம் ஏன் சார் நிக்காம போனீங்க?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"டென்ஷன்மா," என்றார்.

அவள் என் பக்கம் திரும்பி, "டீ குடிக்கிறியாக்கா?" என்றாள். குடிக்கிறேன் என்று உள்ளே போனேன். அவரை அவள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். பிறகு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். டீ குடித்து முடித்து, அவளோடு பேசிக்கொண்டே இரண்டு கூடை கொட்டை பிரித்துக் கொடுத்துவிட்டு, நான் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் திரும்பினேன்.